அக்காவும் இரண்டு பேட்டரிகளும்

செல்போன் எத்தனை டிகிரி காட்டினாலும் அக்கா அதை நம்பமாட்டார். வாசலுக்கு வருவார். டிரைவ்வேயில் நிற்கும் வேனின் பக்கக் கதவைத் திறந்து, உள்ளே கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, பேட்டரியின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. "வெளிய நாப்பதுன்னு போட்டிருக்கான். இங்க அவ்வளவு இல்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஃபாரன்ஹீட் கணக்கு; முப்பத்திரண்டில் தண்ணீர் உறையும். நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர் குடியிருந்தார். நான் அவரை முதலில் பார்த்ததே அந்தக் கோலத்தில்தான். நவம்பர் மாதத்துச் சனிக்கிழமைக் காலை, தலையில் துப்பட்டா, அதன்மேல் கம்பளிக் குல்லா, பாதி உடம்பு வேனுக்குள்ளே, பாதி வெளியே.

அவர் மேலப்பாளையம். நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம். என் பேச்சில் வரும் 'ங்க'வை அவரும், அவர் பேச்சில் வரும் 'பொறவு'வை நானும் கேலி செய்துகொள்வோம். அவருடைய கணவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டேன். அண்ணன் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஐடி வேலை. தினமும் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறி நியூயார்க் போய் வருவார். ஒரே மகள். இங்கேயே பிறந்தவள், அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

வேனை வாங்கியது அண்ணன். பார்சல் சுமந்து ஓய்ந்த பழைய வண்டி. ஊர் சுற்றப் போகிற இடத்தில் அதிலேயே தங்கிக்கொள்ளலாம் என்று, அதற்குள் கட்டிலும் அலமாரியும் சிறிய சமையல் மேடையும் அவரே அடித்தார். மின்சாரம் மட்டும் முழுக்க அக்கா. கூரைமேல் சோலார் தகடுகள், கட்டிலுக்கு அடியில் இரண்டு லித்தியம் பேட்டரிகள், நடுவே அவர் இழுத்த வயர்கள். ஒவ்வொரு வயரும் நேராக, வளைய வேண்டிய இடத்தில் மட்டும் வளைந்து போகும். யாராவது வேனைப் பார்க்க வந்தால் அண்ணன் கதவைத் திறந்துவிட்டு, "நான் டிரைவர். இன்ஜினியர் இவதான்," என்பார்.

அது வேடிக்கைப் பேச்சு இல்லை. அக்கா எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தவர். கல்யாணத்துக்கு முன்னால் டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் ஒரு தொழிற்சாலையில், சரக்கைச் சோதித்து அனுப்பும் பிரிவில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அண்ணனின் விசாவை ஒட்டி வந்தவருக்கு இங்கே வேலை செய்ய அனுமதி கிடையாது. பல வருடம் கழித்து மனைவிகளும் வேலைக்குப் போகலாம் என்று சட்டம் வந்தபோது, விண்ணப்பித்த இடங்களில் எல்லாம், நடுவில் இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஒரு இன்டர்வியூவில், வீட்டில் இருந்தேன் என்று சொன்னாராம். அதற்கப்புறம் அவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். வருத்தமாகச் சொன்னாரா, சிரித்துக்கொண்டு சொன்னாரா என்பது எனக்கு நினைவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

வேன் கட்டுகிறவர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் அவர் பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டுக்கொண்டு எழுதுவார். டெக்சாஸிலிருந்தும் ஒரிகனிலிருந்தும் ஆட்கள் அவரிடம் சந்தேகம் கேட்பார்கள். எல்லோருக்கும் அவர் 'ப்ரோ'. நீங்கள் பெண் என்று சொல்லிவிடலாமே என்று கேட்டேன். "சொன்னா பொறவு என்கிட்ட கேக்க மாட்டான். எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பிச்சிருவான்," என்றார்.

லித்தியம் பேட்டரியை உறைகிற குளிரில் சும்மா வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தக் குளிரில் சார்ஜ் ஏற்றினால் உள்ளுக்குள் கெட்டுப்போகும். பிறகு எதைச் செய்தும் மீட்க முடியாது. குளிர்காலத்தில் வேனை நிறுத்தி வைக்கிறவர்களுக்கு இதுதான் வில்லங்கம். கூரைமேல் இருக்கும் சோலார் தகடு, ஜனவரி வெயில் என்று பார்க்குமா? வெளிச்சம் பட்டால் கீழே அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். குளிர்ந்தால் சார்ஜைத் தானே தடுத்து நிறுத்தும் ஏற்பாடு பேட்டரிக்கு உள்ளேயே இருக்கிறது என்று, அக்கா வாங்கிய இரண்டின் அட்டைப்பெட்டியிலும் அச்சடித்திருந்தார்கள்.

"இருக்குன்னு எழுதியிருக்கான். நான் பாக்கலையே," என்றார் அக்கா.

பார்ப்பதற்கு அவர் செய்த காரியம் எங்கள் தெருவில் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது. கராஜில் இருந்த பெரிய ஃப்ரீசரைக் காலி செய்து, ஒரு பேட்டரியை உள்ளே இறக்கினார். அண்ணன் வாங்கி அடுக்கியிருந்த வஞ்சிரமும் சாளையும் எங்கள் வீட்டு ஃப்ரீசருக்கு வந்தன. நாங்கள் சைவம். என் கணவர் ஐஸ்கிரீம் எடுக்கப் போய்த் திறந்தவர் அப்படியே மூடிவிட்டு வந்து, வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டார். அங்கே அக்கா, கல்லாகக் குளிர்ந்த பேட்டரியில் சார்ஜரை மாட்டி, மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் பேட்டரி சொன்னபடி மறுத்தது. இரண்டாவது வாங்கிக்கொள்ள ஆரம்பித்தது. சட்டென்று பிடுங்கிவிட்டார். விற்ற கம்பெனி முதலில் நம்பவில்லை. அவர் எடுத்து வைத்திருந்த வீடியோவை அனுப்பியதும் மறுபேச்சில்லாமல் புதிது அனுப்பினார்கள். புதிதையும் ஃப்ரீசரில் வைத்துப் பார்த்த பிறகுதான் மீன்கள் வீடு திரும்பின.

எல்லாவற்றிலும் அப்படித்தான். ஓவனில் இருக்கும் எண்ணை நம்பாமல் உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்திருந்தார். பால் கேனில் போட்டிருக்கும் தேதியைப் படித்த பிறகும் முகர்ந்து பார்ப்பார். மனிதர்கள் விஷயத்திலும் வாய்ச்சொல்லை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எனக்கு ஒரு கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. ஊரில் அம்மாவுக்கு, ஆபீஸில், தோழிகளுக்கு, எல்லோருக்கும் நான் நன்றாக இருக்கிறேன் என்று செய்தி அனுப்பியாகிவிட்டது. அக்காவுக்கும் அனுப்பினேன். அவர் பதில் போடாமல் நேரே வீட்டுக்கு வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார். பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தார். பிறகு என் உள்ளங்காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சாக்ஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டு எடுத்து வந்து மாட்டிவிட்டார். "சோறு பொங்குதேன். தின்னுட்டு அழு," என்றார். அப்படியேதான் செய்தேன்.

ஃப்ரீசரில் ஒரு தடவை மறுத்துவிட்டது என்பதற்காக எப்போதும் மறுக்கும் என்று அவர் நம்பிவிடவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும், முதல் உறைபனி வருவதற்கு முன்னால், பேட்டரிகள் வீட்டுக்குள் வந்துவிடும். ஒவ்வொன்றும் இருபது பவுண்டு அரிசிப் பையைவிடக் கொஞ்சம் கனம். அண்ணன் தூக்கி வருவார், அக்கா பின்னாலேயே கதவு பிடித்துக்கொண்டு வருவார். முழுதாக ஏற்றியும் வைக்க மாட்டார், காலியாகவும் விட மாட்டார்; பாதியில் நிறுத்தி, பேஸ்மென்டில் ஒரு மரப்பலகை மேல் வைப்பார். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பார். வோல்ட்டேஜ் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று ஒருமுறை கேட்டேன். "பழைய பேட்டரின்னா தெரியும். குறையக் குறைய முகம் வாடும். இது காட்டாது பிள்ள. கடைசிவரைக்கும் ஒரே மாதிரி நின்னுட்டு, திடீர்னு விழுந்துரும். எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு குடுத்தோம்னு நாமதான் கணக்குல வச்சிருக்கணும்," என்றார்.

மகள் கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன வருடம், பேட்டரிகள் உள்ளே வரத் தாமதமாகிவிட்டது. மகளுக்கு விடுமுறை வரும்போது வேனில் கடைசியாக ஒருமுறை கேப் மே கடற்கரைக்குப் போய்வரலாம், அப்புறம் கழற்றிக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்லியிருந்தார். ஒரு வியாழக்கிழமைக் காலை அவர் ரயில் ஏறப் போனார். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தவர் கையிலிருந்த காபி சிந்த அப்படியே உட்கார்ந்தார் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள்.

அக்காவை ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப்போனேன். அண்ணனைச் சுற்றி எல்லாமே ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு விடும் மெஷின் நெஞ்சை ஏற்றி இறக்கியது. திரையில் பச்சைக் கோடு, எண்கள். டாக்டர் அந்த எண்களைக் காட்டி மெதுவாக ஏதோ விளக்கினார், காத்திருப்போம் என்றார். அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், போர்வையை விலக்கி, அண்ணனின் பாதத்தில் புறங்கையை வைத்தார். அப்படியே நின்றார். பிறகு போர்வையை ஒழுங்காக மூடிவிட்டு என் பக்கம் திரும்பி, "பிள்ளைக்குப் போன் போட்டு வரச் சொல்லு. அவுக இல்ல," என்றார். டாக்டர்கள் அதைச் சொல்ல அன்று பிற்பகல் ஆயிற்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். ஊரிலிருந்து ஒருவராலும் வர முடியவில்லை. பள்ளிவாசல்காரர்கள்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் காரில் போகிற தூரத்தில், பொதுக் கல்லறைத் தோட்டத்தின் ஒரு மூலை முஸ்லிம்களுக்கு. கணவன் போனால் பக்கத்து இடத்தை மனைவிக்கு என்று ஒதுக்கி வைப்பது அங்கே வழக்கம். அப்படியே ஒதுக்கினார்கள்.

அதற்கு அடுத்த நாள் திடீரென்று கடுங்குளிர் இறங்கியது. வானம் துடைத்துவிட்டாற்போல் நீலமாக இருக்க, வெயில் கண்ணைப் பறித்தது. அக்கா வீடு நிறைய ஆட்கள். துக்கம் கேட்க வந்த ஆண்கள் டிரைவ்வேயிலும் வாசலிலும் நின்றார்கள், பெண்கள் உள்ளே. அக்கா இத்தா இருக்கத் தொடங்கியிருந்தார். கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். அவசியம் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை, அந்நிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. மாடி அறையில் வெள்ளைத் துப்பட்டா போர்த்தி உட்கார்ந்திருந்தவர், நான் டீ கொண்டுபோனபோது ஜன்னல் வழியே வேனின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சோலார் தகடுகள் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது.

"பிள்ள, எனக்கு ஒரு வேலை செய்யணும் நீ," என்றார்.

நான் கோட்டு மாட்டிக்கொண்டு, நின்றிருந்த ஆண்களுக்கு நடுவே புகுந்து வேனுக்குள் ஏறினேன். காதில் போன். மேலே ஜன்னலில் அக்கா நிழலாகத் தெரிந்தார். என்னென்ன இருக்கிறது என்று முதலில் என்னையே சொல்லச் சொன்னார். சிவப்புச் சுவிட்ச் ஒன்று, கறுப்புப் பெட்டி ஒன்று என்று சொன்னேன். "சிவப்புதான் மேல உள்ள தகட்டுக்கு. அதை முதல்ல அணை. அதை அணைக்காம பேட்டரில கை வைக்காத," என்றார். அணைத்தேன். பேட்டரியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நான் கையுறையோடு தொட்டுவிட்டு, குளிராக இருக்கிறது என்றேன்.

"கையுறைய கழத்திட்டுத் தொடு."

கழற்றிவிட்டுத் தொட்டேன். ஐஸ் கட்டிபோல இருந்தது. அவரிடம் சொன்னேன். பிறகு ஒவ்வொரு வயராக எதை முதலில் கழற்றுவது, கழற்றிய முனையை எதில் சுற்றுவது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் வெளியே வந்து கேட்டபோது பள்ளிவாசல்காரர் ஒருவர், எதற்கு என்று தெரியாமலே, இரண்டையும் தூக்கிக்கொண்டு பேஸ்மென்டுக்கு வந்தார். உடனே சார்ஜரில் போட்டுவிடாதே, வீட்டுச் சூடு அதன் உள்வரைக்கும் இறங்கட்டும், ஒரு நாள் சும்மா கிடக்கட்டும் என்று அக்கா போனில் இரண்டு தடவை சொன்னார்.

நான் மேலே வரும்போது சமையலறையில் ஒரு ஆன்ட்டி இன்னொருவரிடம், புருஷனை மண்ணில் வைத்து ஒரு நாள் ஆகவில்லை, பேட்டரியைப் பற்றிக் கவலைப்படுகிறாளே என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகள் அங்கேதான் பேப்பர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் நிமிராமலே, மெதுவான ஆங்கிலத்தில், அதுதான் என் உம்மாவின் வேலை என்றாள்.

விசா அண்ணன் பெயரில். கிரீன் கார்டுக்கு இத்தனை வருடம் நின்ற வரிசையும் அண்ணன் பெயரில். அவர் போனதும் அக்காவுக்கு இந்த நாட்டில் இருக்க எந்தக் காரணமும் மிச்சம் இல்லை என்று சட்டம் நினைத்தது. இரண்டு மாதத்தில் கிளம்ப வேண்டும். மகள் அமெரிக்கக் குடிமகள்தான். ஆனால் தாய்க்காக விண்ணப்பிக்க அவளுக்கு இருபத்தொன்று ஆக வேண்டும். வக்கீல் சில வழிகள் சொன்னார். எல்லாவற்றிலும் 'கிடைக்கலாம்' என்ற சொல் இருந்தது. இத்தா முடியும் முன்னே பயணம் போவதா என்று ஊரிலிருந்து மாமியார் அழுதார். வேறு வழியில்லை என்றால் போகலாம், குற்றமில்லை என்று இமாம் சொல்லி அனுப்பினார். கடைசியில், சுற்றுலாப் பயணியாக மாற்றச் சொல்லி ஒரு மனு போட்டார்கள். அதற்குப் பதில் வரும்வரை இருக்கலாம். இருபது வருடம் வாழ்ந்த வீட்டில், அந்தக் குளிர்காலம் முழுக்க அக்கா விருந்தாளியாக இருந்தார்.

வாரக் கடைசியில் நான் போவேன். ஆட்கள் வருவது குறைந்து, மகளும் கல்லூரிக்குத் திரும்பியிருந்தாள். நாங்கள் இருவரும் பேஸ்மென்டில் இறங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்போம். எதிரே மரப்பலகை மேல் அந்த இரண்டு பேட்டரிகள். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும் என்று அவர்தான் எனக்குச் சொல்லியிருந்தார். இப்போது தினமும் பார்த்தார். "எல்லாரும் என்னைப் பொறுமையா இருக்கச் சொல்லுதாக. பொறுமையா இருக்கதுக்குக் கையில ஒண்ணும் வேண்டாம். இங்க வந்தாதான் எனக்குச் செய்ய ஏதோ இருக்கு," என்றார் ஒரு நாள்.

ஜனவரியில் ஒரு மதியம், தெருவெல்லாம் பனி மூடிக் கிடந்தது. அவர் மீட்டரின் முனைகளைப் பேட்டரியில் வைத்து எடுத்தார். அதைக் கீழே வைக்காமலே பேசத் தொடங்கினார்.

"ஒரு வாரமா நெஞ்சு கரிக்குன்னு சொன்னாக. அன்னைக்குக் காலைலயும் சொன்னாக. வாழைப்பழம் எடுத்துக் குடுத்தேன்."

மீட்டரின் முனையைத் துப்பட்டாவில் துடைத்தார்.

"செப்டம்பர்ல செக்கப் போனாகள்ல. ரிப்போர்ட் எல்லாம் நார்மல்னு இருந்துச்சு. அதைப் படிச்சுட்டு நம்பிட்டேன் பிள்ள. பாலை நம்பாதவ, அடுப்பை நம்பாதவ, அந்தக் காகிதத்தை நம்பிட்டேன். அவுக நெஞ்சுல ஒரு தரம் கைய வச்சுப் பாக்கல."

கையை வைத்துப் பார்த்தால் இதயத்துக்குள் இருப்பது தெரியுமா அக்கா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தெரியாது என்பது அவருக்கும் தெரியும். அவர் மீட்டரின் வயரைச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை அவ்வளவு சூடாக இருந்தது.

மார்ச் கடைசியில் இத்தா முடிந்தது. மகள் வந்திருந்தாள். அன்று காலை குளித்து, அவர்கள் ஊர் வழக்கப்படி ஓதி முடித்து, அக்கா வாசலைத் தாண்டி வெளியே வந்தார். வெயிலில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டார். பிறகு நானும் மகளும் ஆளுக்கொரு பேட்டரியைத் தூக்கிவர, அவரே கட்டிலுக்கு அடியில் படுத்து இரண்டையும் மாட்டினார். கடைசியில் சிவப்புச் சுவிட்சைப் போட்டார். கூரைத் தகட்டிலிருந்து சார்ஜ் இறங்கத் தொடங்கியதை மீட்டரில் பார்த்த பிறகும், வயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். குளிர்காலத்தில் ஒரு சேதமும் இல்லை என்றார்.

அந்த வண்டியை அக்கா அதுவரை ஓட்டியதே இல்லை. அன்று அவர்தான் ஓட்டினார். ஃப்ரீவேயில் வலது ஓரத்து லேனிலேயே, எல்லோரும் தாண்டிப் போக, நாங்கள் மூவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அடக்கம் நடந்த அன்று அவர் வீட்டில் இருந்ததால், அண்ணனின் கபரை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பனி உருகி மண் அமிழ்ந்திருந்தது. தலைமாட்டில் பெயர் பொறித்த சிறிய கல். அதற்குப் பக்கத்தில் புல் மட்டும் முளைத்த வெற்று இடம். அக்கா இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து ரொம்ப நேரம் துஆ செய்தார். மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் எங்களிடம் ஒன்றும் சொல்லாமலே பள்ளிவாசலில் வண்டியை நிறுத்தி, அலுவலகத்துக்குப் போனார். அவருடன் நானும் போனேன். அங்கே இருந்த பெரியவரிடம், என் வீட்டுக்காரர் பக்கத்தில் எனக்காக வைத்திருக்கும் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார். பெரியவர் பதறிப்போனார். அவசரம் ஒன்றும் இல்லையே, மகள் இங்கே இருக்கிறாள், காலம் எப்படியும் மாறலாம், இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தார்.

"இல்ல பாய். நான் மேலப்பாளையத்துல மவுத்தானா என்னை யாரு இங்க கொண்டாந்து சேப்பா? இடம் இருக்குன்னு காயிதத்துல இருக்கும். நான் இருக்க மாட்டேன். வேண்டிய ஆளுக்குக் குடுங்க," என்றார்.

வேனை ஏப்ரலில் விற்றார்கள். பென்சில்வேனியாவிலிருந்து ஒரு நர்ஸ் வந்து வாங்கினாள். அவளை அரை நாள் உட்கார வைத்து, குளிர்காலத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொடுத்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இந்த வயரிங் செய்த ஆள் யார், என் தோழிக்கும் வேண்டும் என்றாள். "மீ," என்று அக்கா சொன்னார். உங்கள் பிசினஸ் கார்டு இருக்கிறதா என்று அவள் கேட்டாள்.

மே மாதம், மனுவுக்குப் பதில் வருவதற்கு முன்பே அக்கா கிளம்பினார். நெவார்க் விமான நிலையத்தில் மகளைக் கட்டிப்பிடித்தபோது இருவரும் அழவில்லை. செக்யூரிட்டி வரிசை வளைந்து அவர் மறைந்த பிறகுதான் அந்தப் பெண் தரையில் உட்கார்ந்தாள். அவளைத் தூக்கி வீட்டுக்கு, எங்கள் வீட்டுக்குத்தான், கூட்டிவந்தேன். விடுமுறை நாட்களில் அவளுக்கு இன்றும் அதுதான் வீடு.

பட்டமளிப்பு விழாவுக்கு வர அக்கா விசா கேட்டார், மறுத்துவிட்டார்கள். நானும் என் கணவரும் போய்க் கைதட்டிவிட்டு வந்தோம். அதற்கு முன்பே, இருபத்தொன்று ஆனதும், மகள் தாய்க்காக விண்ணப்பித்திருந்தாள். அது நடந்துகொண்டிருக்கிறது. இதற்குள் அக்காவின் மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டார். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அனுமதியே வந்தாலும் இப்போது வருவதற்கில்லை என்று அக்கா சொல்லிவிட்டார். மகள் என்னிடம் அதைச் சொன்னபோது அழாமல் சொன்னாள். அம்மாவின் பழக்கம்.

போன மாதம் அவளோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அண்ணனுக்குப் பக்கத்தில் புது மண். அங்கிருந்தே அவள் அக்காவுக்கு போன் போட்டுப் பேசிவிட்டு என்னிடம் கொடுத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே, பக்கத்து இடத்துக்கு ஆள் வந்துவிட்டது அக்கா என்றேன்.

யார் என்று கேட்டார். பள்ளிவாசலில் விசாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன். லக்னோ பக்கத்து மனிதர், வயதானவர், மகன் வீட்டுக்கு வந்த இடத்தில் காலமாகிவிட்டார்.

"தனியாத்தான் வந்தாரா, சம்சாரம் உண்டா?"

முன்பே போய்விட்டார்களாம், ஊரில் அடக்கமாம் என்றேன்.

அக்கா அதை யோசித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம், மாமியார் கூப்பிடுகிற சத்தம். "வாரேன் மாமி," என்று அந்தப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"தமிழ் தெரியாதுல்ல அவருக்கு?"

"தெரியாதுங்க அக்கா. உருதுதான்."

"பரவால்ல," என்றார் அக்கா. "கல்யாணத்துக்கு முன்னால நாலு வருஷம் பெங்களூர்ல இருந்தாகள்ல இவுக. உருது ஓரளவு பேசுவாக."